ஒரு கிரவுண்ட், நூற்றிருபது பங்கு

முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, உடையவரின் உயிர் பிரிந்த அந்த நொடியில்தான் சொத்து கைமாறுகிறது. அதற்கு முதல் நாள்வரை மகனுக்கோ மகளுக்கோ அதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. பிறப்பால் வரும் உரிமை, கூட்டுக்குடும்பச் சொத்து, பூர்விகம் வேறு சுயார்ஜிதம் வேறு என்ற பாகுபாடு எதுவும் இந்தச் சட்டத்தில் கிடையாது. தாத்தா வழியில் வந்த மயிலாப்பூர் வீடும், சம்பளத்தில் கடன் கட்டி வாங்கிய அடையாறு ஃபிளாட்டும் ஒரே கணக்கில்தான் சேரும். தந்தை உயிரோடிருக்கையில் பாகம் கேட்டு மகன் வழக்குப் போட முடியாது. அவர் இறந்த மறுகணம், அதுவரை கேட்கவே முடியாதிருந்த மனைவி, மகள், தாய் எல்லோரும் தத்தம் பங்குக்கு முழு உரிமையாளர் ஆகிவிடுகிறார்கள். மனைவியின் பங்கு ஆயுள்வரை அனுபவித்துவிட்டுத் திருப்பித் தரும் பங்கு அல்ல. விற்கலாம், கொடுக்கலாம், அடமானம் வைக்கலாம்.

இந்தியாவில் இதற்கு ஆதாரம் 1937-ஆம் ஆண்டின் முஸ்லிம் தனிநபர் சட்ட (ஷரீஅத்) அமலாக்கச் சட்டம். அதன் மூல வடிவத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருந்தது. சென்னை மாகாணம் 1949-ஆம் ஆண்டின் 18-ஆவது சட்டத்தால் அந்த விலக்கை நீக்கியது. தி.நகரில் வீடும் கூத்தாநல்லூர்ப் பக்கம் நஞ்சையும் வைத்திருந்தவர் இறந்தால், இரண்டிலும் மகளுக்குப் பங்கு உண்டு. நிலம் மட்டும் ஆண்பிள்ளைகளுக்கு என்று ஊரில் யாராவது சொன்னால், தமிழ்நாட்டில் அது செல்லாத பேச்சு. விலக்கு நீக்கப்படாத மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே வயலுக்கு யார் வாரிசு என்பதை வருவாய்ச் சட்டங்கள் முடிவு செய்தன, பல இடங்களில் மகள்கள் பின்னுக்குப் போனார்கள்.

பங்கு பிரிப்பதற்கு முன் மூன்று செலவுகள் உண்டு, வரிசை மாறக் கூடாது. முதலில் கஃபன் துணி, அடக்கம் முதலான இறுதிச் செலவு. அடுத்தது கடன். மனைவிக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்த மஹரும் கடன்தான். நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய தொகையைக் கணவன் கடைசிவரை கொடுத்திருக்காவிட்டால், வாரிசுப் பங்குக்கு முன்னால், தனியாக, விதவை அதைக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை, கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் உண்டு. மூன்றாவது வஸிய்யத், அதாவது உயில். கடன் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதும் உயில் வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. வாரிசாக வரக்கூடியவருக்கு எழுதினால், இறப்புக்குப் பிறகு மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். வீட்டை மூத்த மகனுக்கே எழுதி வைத்துவிட்டேன் என்ற உயில், தம்பி தங்கைகள் ஒப்புக்கொள்ளாவிட்டால் வெறும் காகிதம்.

வாரிசுக்கு முன்னால் கடன் நிற்கும் என்பதைச் சென்னை ஒருமுறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. ஆற்காட்டு நவாபு முஹம்மது அலி 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, கடைசி நவாபு குலாம் கவுஸ் கான் 1855-இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது கடன்காரர்களின் பிடியில் இருந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி நவாபுப் பட்டத்தையே ஒழித்துக்கட்டினார். இறந்தவரின் உடைமையை நிர்வகித்துக் கடனை அடைப்பதற்கென்றே 1858-இல் 30-ஆவது சட்டம் வந்தது. ஏலத்துக்கு வந்த அரண்மனை கடைசியில் அரசாங்கத்தின் கைக்குப் போனது, இன்றும் அங்கே அரசு அலுவலகங்கள்தான் இருக்கின்றன. அதில் பிரிட்டிஷ் அரசியல் பாதிக்கு மேல் கலந்திருந்தது என்பது தனிக் கதை. நவாபின் சித்தப்பா அஸீம் ஜாவுக்கு 1867-இல் ஆற்காட்டு இளவரசர் பட்டம் கிடைத்தது. ராயப்பேட்டை அமீர் மகாலில் வாழும் அந்தப் பரம்பரையில் பட்டம் ஒருவருக்கே போகிறது. ஷரீஅத் வாரிசுக் கணக்கில் அப்படி ஒருவருக்கே எல்லாம் போகும் ஏற்பாடு இல்லை.

செலவும் கடனும் உயிலும் போன மீதிச் சொத்துக்கு வருவோம். குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் 11, 12, 176-ஆம் வசனங்களில் அடிப்படைப் பங்குகள் இருக்கின்றன. ஹனஃபி சட்டம் வாரிசுகளை மூன்று வரிசையாக நிறுத்துகிறது. நிர்ணயித்த பங்கு உடையவர்கள் முதல் வரிசை, கணவன், மனைவி, தாய், தந்தை, மகள் உட்பட பன்னிரண்டு பேர். அவர்கள் எடுத்தது போக மிஞ்சியதைப் பெறும் அஸபா இரண்டாவது வரிசை, மகன், சகோதரன், சகோதரன் மகன் எனப் பெரும்பாலும் ஆண்வழி. இவ்விரு வரிசையிலும் கணவன் அல்லது மனைவி தவிர வேறு ஆளில்லாதபோதுதான் மகள் வயிற்றுப் பேரன் முதலான தூரத்து உறவுகள் வருவார்கள். மகன் இருந்தால் மகள் தன் நிர்ணயப் பங்கை விட்டு அவனோடு அஸபாவாகச் சேர்ந்துகொள்கிறாள், அவனுக்கு இரண்டு என்றால் இவளுக்கு ஒன்று. பிள்ளை இருந்தால் மனைவிக்கு அரைக்கால் (எட்டில் ஒன்று), இல்லாவிட்டால் கால். கணவனுக்கு இதே சூழலில் கால், அரை. 2025 அக்டோபரில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், பிள்ளையில்லாமல் இறந்தவரின் விதவை முக்கால் பங்கு கேட்டார். கால்தான் என்றது உச்ச நீதிமன்றம். இறந்தவர் வாழ்நாளில் போட்டுவைத்த விற்பனை அக்ரிமென்ட்டால் மட்டும் சொத்து கைமாறிவிடாது, கிரயப் பத்திரம் பதிவாகாதவரை அது வாரிசுகளுக்குரியதே என்றும் சொன்னது. அட்வான்ஸ் வாங்கிய கையோடு உடையவர் இறந்துபோகும் சம்பவங்கள் சென்னையிலும் நடப்பவைதான்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் ஒரு கிரவுண்ட் வீடு, அதாவது 2,400 சதுர அடி, என்று வைத்துக்கொள்வோம். இறந்தவருக்குத் தாய், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு அரைக்கால். தாய்க்கு ஆறில் ஒன்று. மிச்சத்தை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று ஐந்து கூறாக்க வேண்டும். மூன்றுக்கும் பொதுவான எண் 120. மனைவிக்கு 15, தாய்க்கு 20, மகன்களுக்குத் தலா 34, மகளுக்கு 17. நிலத்தில் ஒரு பங்கு 20 சதுர அடி. மனைவிக்கு 300, தாய்க்கு 400, மகன்களுக்குத் தலா 680, மகளுக்கு 340 சதுர அடி. மனைவியைவிட மாமியாருக்கு அதிகமா என்று இந்த இடத்தில் கேள்வி எழும். ஆம், அப்படித்தான்.

கணக்கு இத்தோடு நின்றால் நல்லது. நான்கைந்து வருடம் எதையும் எழுதாமல் விடுகிறார்கள், பாட்டியும் இறந்துபோகிறார். அவருடைய 20 பங்கு அந்த வீட்டிலேயே இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு வருவதில்லை. பாட்டிக்கு இன்னொரு மகனும் ஒரு மகளும் உயிரோடிருந்தால், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் அந்த மகனால் விலக்கப்படுவார்கள். பாட்டியின் 400 சதுர அடி சித்தப்பாவுக்கு 267, அத்தைக்கு 133 என்று போகும். அதுவரை விருந்தாளியாக வந்துபோன சித்தப்பா இப்போது வீட்டின் பங்காளி, அவர் கையெழுத்தில்லாமல் வீட்டை விற்க முடியாது. அவரும் இறந்தால் அவர் மனைவி, மக்கள். மூன்றாவது சாவில் பங்குதாரர் எண்ணிக்கை மேலும் கூடும், பொது எண்ணும் பெரிதாகலாம். இப்படி அடுத்தடுத்த சாவுகளில் பங்கு உடைவதை ஆலிம்கள் முனாசகா என்பார்கள். சென்னைக் குடும்பங்களைக் கோர்ட்டுக்கு இழுப்பது ஷரீஅத்தின் பின்னக் கணக்கு அல்ல. அந்தக் கணக்கைப் போடாமல் தள்ளிவைத்த வருடங்களே இழுத்துவிடுகின்றன.

பின்னங்களைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடும் நிலையும் உண்டு. மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை இருந்தால் எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று. மொத்தம் இருபத்துநாலில் இருபத்தேழு. கலீஃபா அலீ மிம்பரில் நின்றிருக்கும்போது இந்தக் கேள்வி வந்ததாகவும், பிரசங்கத்தை நிறுத்தாமலே மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அவர் பதில் சொன்னதாகவும் மரபு சொல்கிறது. 24 என்ற அடியெண்ணை 27 ஆக்கி எல்லோர் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பதுதான் வழி, பெயர் அவ்ல். பின்னங்கள் ஒன்றுக்குக் குறைந்து, மிச்சத்தை வாங்க அஸபாவும் இல்லாவிட்டால் மிச்சம் பங்குடையவர்களுக்கே திரும்பும், அது ரத்து. அல்ஜீப்ராவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த அல்குவாரிஸ்மியின் நூலில் பெரும்பகுதி உயில், வாரிசுக் கணக்குகளே. கணிதம் வளர்ந்ததற்கு வணிகம் போலவே பாகப்பிரிவினையும் ஒரு காரணம்.

மத்ஹபு (சட்ட மரபு) மாறினால் விடையும் மாறும். ராவுத்தர்களும் உருது பேசும் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபி, கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்கள் ஷாஃபிஈ. ஒரு பெண் கணவன், தாய், தாய்வழிச் சகோதரர் இருவர், உடன்பிறந்த சகோதரர் ஒருவர் ஆகியோரை விட்டு இறந்தால், அரையும் ஆறில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் போய் எதுவும் மிஞ்சாது. ஹனஃபியில் உடன்பிறந்தவனுக்கு வெறுங்கை. ஷாஃபிஈயில் தாய்வழிச் சகோதரர்களின் மூன்றிலொன்றில் அவனும் சமமாகச் சேர்ந்துகொள்வான். ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலை மையமாகக் கொண்ட ஷியாக்களுக்கு விதிகள் இன்னும் வேறு. வழக்கில் எந்த மத்ஹபு என்று யாரும் சொல்லாவிட்டால் நீதிமன்றம் ஹனஃபி ஸுன்னி என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்றைய தி.நகர், அடையாறு ஃபிளாட்டுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: மகள் மட்டும் இருக்கும் வீட்டில் என்ன ஆகும்? ஹனஃபி சட்டப்படி மனைவிக்கு அரைக்கால், ஒரே மகளுக்கு அரை, மிச்சமுள்ள எட்டில் மூன்று இறந்தவரின் சகோதரனுக்கு. மகள் இருவர் என்றால் சகோதரனுக்கு இருபத்துநாலில் ஐந்து. ஷியா சட்டத்தில் சகோதரன் குறுக்கே வர முடியாது. குடும்பத்துக்கு ஆண் துணை வேண்டும், அந்தப் பொறுப்புக்குத்தான் இந்தப் பங்கு என்பது மரபின் விளக்கம். அண்ணன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளாத, துபாயில் உட்கார்ந்தபடி பங்கை மட்டும் கேட்கும் தம்பிக்கு அந்த விளக்கம் பொருந்துவதில்லை. கேரளத்தில் வழக்கறிஞரும் நடிகருமான சி. ஷுக்கூர், தன் மனைவியையே 2023 மார்ச் 8 அன்று சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மறுபடி பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அந்தச் சட்டப்படி வாரிசுரிமை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறும், சகோதரனுக்குப் போகாமல் மனைவிக்கும் மகள்களுக்குமே முழுச் சொத்தும் சேரும்.

மார்க்கத்துக்குள்ளேயே வேறொரு வழி இருக்கிறது, அதன் பெயர் ஹிபா. உயிரோடிருக்கையில் முழுச் சொத்தையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம், மூன்றிலொன்று வரம்பு இல்லை. கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, ஏற்பு, அனுபவத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். வாய்மொழி ஹிபாவை எழுதி வைத்த பத்திரம் பதிவாகாவிட்டாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹஃபீஸா பீவி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் பட்டா மாற்றத்துக்கும் வங்கிக் கடனுக்கும் பதிவான பத்திரத்தைத்தான் கேட்பார்கள். பெயரை மாற்றி எழுதிவிட்டு வாடகையைக் கடைசிவரை தானே வாங்கிக்கொண்டிருந்தால் ஒப்படைப்பு நடந்ததா என்ற சண்டை வரும். மரணப் படுக்கையில், மருத்துவமனைக் கட்டிலில் கைநாட்டு வாங்கி எழுதும் ஹிபா உயிலைப் போலவே மூன்றிலொன்றுக்குள் சுருங்கிவிடும்.

தந்தைக்கு முன் இறந்த மகனின் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஹிபாவும் உயிலும்தான் கதி. பெரியப்பா, சித்தப்பா இருந்தால் தாத்தா சொத்தில் அவர்களுக்கு வாரிசுப் பங்கு இல்லை. எகிப்து 1946-இல் கட்டாய உயில் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பாகிஸ்தானின் 1961-ஆம் ஆண்டு அவசரச் சட்டம் இறந்த மகனின் இடத்தில் அவன் பிள்ளைகளை நிறுத்தியது, வங்கதேசத்திலும் அதுவே சட்டம். இந்தியாவின் முஸ்லிம் தனிநபர் சட்டத்தில் அப்படி எதுவும் வரவில்லை. பேரப்பிள்ளைகள் வாரிசு இல்லாததால் அவர்களுக்கு மூன்றிலொன்று வரை உயில் எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம். சென்னை நகரில் இந்துக்களின் உயிலுக்கு நெடுங்காலம் கட்டாயமாக இருந்த புரொபேட்டும் முஸ்லிம் உயிலுக்குத் தேவைப்பட்டதில்லை. இருந்தும் எழுதி வைக்கும் தாத்தாக்கள் குறைவு.

மகள்களின் பங்கு காணாமல் போவது பெரும்பாலும் கல்யாணத்தின்போது. நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி சொத்தில் பங்கு கேட்கமாட்டேன் என்று ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இன்னும் பிறக்காத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, அந்தக் காகிதம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1918-இலேயே ஆஸா பீவி – கருப்பன் செட்டி வழக்கில் சொல்லிவிட்டது. அலகாபாத் நீதிமன்றம் வேறு மாதிரி நினைத்தது. 1973-இல் குலாம் அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அலகாபாத் பக்கம் சாய்ந்தது: விடுதலைப் பத்திரம் தன்னளவில் செல்லாது, ஆனால் பணம் வாங்கிக்கொண்டு, மற்றவர்களை நம்பவைத்து நடந்துகொண்டவர் பிறகு பங்கு கேட்டு வர முடியாது. 2011-இல் ஷெஹம்மாள் – ஹசன் கனி ராவுத்தர் வழக்கிலும் இதே தீர்ப்புதான். ஆக, பங்குக்கு ஈடாக உண்மையிலேயே ஏதாவது கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. கல்யாண நகை அந்த ஈடாகுமா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும். தந்தை இறந்தபின் அக்கா மனமுவந்து தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் அதில் சிக்கல் இல்லை. மார்க்கக் காரியம் என்று சொத்தைக் குடும்ப வக்ஃபாக எழுதிப் பெண்களை ஒதுக்குவதற்கும் 2025-ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

நடைமுறையில் எல்லாம் தொடங்குவது வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில். யார் யார் குடும்பத்தினர் என்று அது சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. சான்றிதழில் ஐந்து பெயர் இருப்பதைப் பார்த்து ஆளுக்கு ஐந்தில் ஒன்று என்று பிரித்துக்கொண்டவர்கள் உண்டு. எல்லோரும் அறிந்து, சம்மதித்துச் செய்தால் தவறில்லை. அறியாமல் செய்தால் பிறகு வழக்கு. பங்கு விவரத்தை ஜமாஅத்தில் ஃபராயிழ் (வாரிசுப் பங்குக் கணக்கு) படித்த ஆலிம் எழுதித் தருவார். அந்தத் தாள் வழிகாட்டி, தீர்ப்பு அல்ல. ஃபத்வாவுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம் போல இயங்கும் அமைப்புகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது.

மைனர் வாரிசு இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தாய் பிள்ளையை வளர்க்கலாம், பிள்ளையின் பங்கை விற்க அவருக்குச் சட்டப்படி அதிகாரமில்லை. 1918-இல் பிரிவி கவுன்சில் இமாம்பாந்தி வழக்கில் சொன்னது இன்றும் நிற்கிறது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வாங்காமல் தாய் கையெழுத்திட்ட கிரயம், மைனரின் பங்கைப் பொறுத்தவரை செல்லாது. வில்லங்கச் சான்றில் எந்தக் குறையும் தெரியாமல் வாங்கிய ஃபிளாட்டில் பத்து வருடம் கழித்து ஒரு இளைஞர் வந்து பங்கு கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வாரிசின் பவர் பத்திரம் இந்தியத் தூதரகச் சான்றோடு வந்து, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும்.

300 சதுர அடியைச் சுவர் வைத்துப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால்தான் மயிலாப்பூரிலும் அடையாறிலும் பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்து, வாரிசுகள் ஃபிளாட்டுகளாகப் பெற்றுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம் பரவியிருக்கிறது. அரைக்காலும் ஆறிலொன்றும் அங்கே பிரிபடாத நிலப் பங்காக மாறுகின்றன, 17 பங்கு உடைய மகளுக்குச் சின்ன ஃபிளாட்டும் ரொக்கமும். உடன்பாடு வராவிட்டால் பாக வழக்கு. பிரிக்க இயலாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிட 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. ஒரு வாரிசு தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த வெளியாள் குடும்ப வீட்டில் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அவரை விலக்கும் உரிமை மற்ற பங்காளிகளுக்கு உண்டு. இந்த விதி முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்பவர்களுக்கு ஆகும் செலவு சிறிது. குடும்பத்தினருக்குள் எழுதும் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை 10 முதல் அவற்றின் உச்சவரம்பு 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். பாகப்பிரிவினையில் இந்த வரம்பு பாகம் ஒன்றுக்கு. வீட்டின் மதிப்பு எத்தனை கோடியானாலும் ஒரு பாகத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது.